யாரைக் கேட்டுத் திறந்தாய்?

மார்ச் 9

தம்பிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று உறுதியான பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். "பேச வேண்டாம். எழுது, பதில் போடுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். சரி, எழுதுகிறேன். போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய். இதைக் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? உன் அத்தானை யாரோ பஸ்ஸில் பார்த்து, "உங்க மச்சான் தண்ணியைத் திறந்து விட்டு ஒரு வீட்டையே சாய்ச்சிட்டாராமே" என்று கேட்டிருக்கிறார். அத்தான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூடப் பிறந்தவளுக்கு ஊர் சொல்லித் தெரிய வேண்டுமா?

யாரைக் கேட்டுத் திறந்தாய்? மேட்டுத் தெருக் குழாயின் வால்வைத் தொடக்கூடாது என்பது பம்ப் ஹவுஸில் சேர்ந்த நாளிலேயே உனக்குச் சொன்ன உத்தரவு. நீயே ஒருமுறை என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவனுக்குத் திடீரென்று என்ன வந்தது? அந்த வேலை உனக்குக் கிடைக்க நான் எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்றேன் என்பதை மறந்துவிட்டாயா?

இத்துடன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய் போடும்போது கைதவறி வால்வுச் சாவி திரும்பிவிட்டது, இனிக் கவனமாக இருப்பேன் என்று இருக்கிறது. படித்துப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்காதே. கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடு. அவ்வளவுதான் உன் வேலை.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், நான் "அக்கா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கும்போதே நீ முடிவுரையைச் சொல்லிவிடுகிறாய். இங்கே என்னைக் குறுக்கே வெட்ட ஆள் இல்லை. அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

மேட்டுத் தெருவுக்குப் போகும் வால்வை எப்போதும் கால் பங்குதான் திறந்து வைத்திருப்போம். அங்கே தண்ணீர் நூல் மாதிரி வரும், சில நாள் அதுவும் வராது. அந்தத் தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்ப் ஹவுஸ் வாசலுக்கே வருவார்கள். எங்கள் வெளிக்குழாயில் பிடித்துக்கொண்டு மேடு ஏறுவார்கள். "ஏன் சார் கால் பங்கு?" என்று நான் மேற்பார்வையாளரைக் கேட்காத மாதம் இல்லை. "அது அப்படித்தான். உனக்கெதுக்கு?" என்பார். அவருக்கும் காரணம் தெரியாது. அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னதை இவர் சொல்கிறார்.

அன்று காலை ஒரு நிறைமாதக்காரி குடத்தோடு வழுக்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் ரத்தம். எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, மறுபடியும் குடத்தை வைத்துப் பிடித்தாள். யாரையும் திட்டவில்லை, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சாவியை மாட்டி வால்வை முழுக்கத் திறந்தேன். கைதவறவில்லை, அக்கா. அந்த வால்வைத் திருப்ப இரண்டு கையும் இடுப்பும் வேண்டும். கைதவறி அது திரும்பாது.

மேட்டிலிருந்து சத்தம் கேட்டது. குழந்தைகள் கத்துகிற சத்தம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியத்தால் யாரும் அப்படிக் கத்தியதில்லை. மதியம் வரை நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மதியம் குழாய் வெடித்தது. தையல்காரம்மா வீட்டு முன்சுவருக்கு அடியில். மண் கரைந்து சுவர் உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மா கொல்லைப்பக்கம் இருந்ததால் உயிர் தப்பினார். தையல் மெஷின் சுவருக்கு அடியில். தைத்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் சேறு.

இதையெல்லாம் மறைக்கவில்லை, பார். தப்பு என்னுடையது. ஆனால் "சுயமா ஒரு காரியம் செய்டா, யாராவது தள்ளினாத்தான் நகருவியா, மரக்கட்டை" என்று வருஷக்கணக்காக என் காதில் ஓதியது யார்? சுயமாகச் செய்தேன். உடனே "யாரைக் கேட்டுச் செய்தாய்" என்கிறாய். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சுயமாகச் செய்ய வேண்டும் என்றால் அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

உன் மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

வாய் நீண்டிருக்கிறது. வேலை போன பிறகு வரும் வாய்.

நான் உன்னைச் சுயமாகச் செய் என்று சொன்னது பதவி உயர்வுப் பரீட்சை எழுது, ஒரு வீடு பார், கல்யாணம் பண்ணிக்கொள் என்ற அர்த்தத்தில். ஊராரின் சுவரை இடி என்ற அர்த்தத்தில் இல்லை. யோசிக்காமல் செய்வதற்குப் பெயர் துணிச்சல் இல்லை, திமிர். நான் இருபது கட்டில் வார்டைப் பார்த்துக்கொள்கிறேன். நான் சொல்லாமல் அங்கே ஒரு பஞ்சுகூட இடம் மாறாது. அதனால்தான் அங்கே தப்பு நடப்பதில்லை. ஆளாளுக்கு மனசு இளகி, ஆளாளுக்கு வால்வைத் திறந்தால் வார்டு தாங்குமா?

நிறைமாதக்காரி விழுந்தாள், உனக்கு மனசு கேட்கவில்லை. சரி. சுவர் அந்த அம்மா தலையில் விழுந்திருந்தால்? அதை நினைத்து இந்த வாரம் முழுவதும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. நீ தூங்குகிறாயா?

விசாரணை வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ போய் அங்கே வீரவசனம் பேசினால் கதை முடிந்தது. இனி நீ ஒன்றும் செய்யாதே. யாரிடமும் எதுவும் பேசாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

பார்த்துக்கொண்டாய். நன்றாகவே பார்த்துக்கொண்டாய்.

நேற்று இன்ஜினியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே நேற்றுத்தான். தணிந்த குரலில் பேசினார், காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி.

"உங்க அக்கா எல்லாம் சொன்னாங்க தம்பி. கவலைப்படாதீங்க."

"என்ன சொன்னாங்க, சார்?"

"அதான்… அம்மா போனதுலேர்ந்து உங்களுக்கு மனசு சரியில்லைன்னு. மாத்திரை சாப்பிடறீங்கன்னு. அவங்களே நர்ஸ், அவங்களுக்குத் தெரியாதா? முன்னாடியே சொல்லியிருந்தா உங்களை வால்வு பக்கமே விட்டிருக்க மாட்டோம்."

டீ கையிலேயே ஆறிப்போனது, அக்கா. எந்த மாத்திரை? தலைவலிக்குக்கூட நான் மாத்திரை போடுகிறவன் இல்லை.

"விசாரணையெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லை" என்றார். "உடம்பு சரியில்லாத ஊழியர், தெரியாமச் செஞ்சுட்டார்னு எழுதி முடிச்சிடலாம். நீங்க அடுத்த வாரமே சேர்ந்துக்கலாம்."

"குழாய், சார்? மேட்டுத் தெருக் குழாய்?"

"குழாய்க்கு என்ன? அது நல்லாத்தான் இருந்தது. நீங்க திறந்ததாலதானே வெடிச்சது."

புரிகிறதா, நீ என்ன செய்தாய் என்று? நான் பைத்தியம் என்றால் குழாய் நல்ல குழாய். நான் பைத்தியம் என்றால் அந்தத் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று யாரும் பதில் சொல்ல வேண்டாம். பூமிக்குள் துருப்பிடித்துக் கிடக்கிற ஒரு குழாயை மூடி மறைக்க என் புத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டாய். அதுவும் என்னைக் கேட்காமல்.

வெளியே வந்தால் கூட வேலை செய்கிறவன் என் தோளைத் தட்டி, "ரெஸ்ட் எடுங்கண்ணே" என்கிறான். சாவி மாட்டும் ஆணி காலியாக இருக்கிறது. எனக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

விசாரணையில் உண்மையைச் சொல்லப் போகிறேன். உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.


ஏப்ரல் 8

தம்பிக்கு,

ஆமாம், சொன்னேன். இன்னொரு தடவை வாய்ப்பு வந்தாலும் சொல்வேன்.

அம்மா போனபோது உனக்கு மீசைகூட முளைக்கவில்லை. நான் யாரைக் கேட்டு உனக்குச் சோறு போட்டேன்? யாரைக் கேட்டு நைட் டியூட்டியாக வாங்கி வாங்கிப் பார்த்து, பகலில் உன் பள்ளிக்கூட வாசலில் நின்றேன்? அப்போதெல்லாம் "என்னைக் கேட்காமல் ஏன் வளர்த்தாய்" என்று நீ கேட்கவில்லை. இப்போது ஒரு பொய் சொல்லி உன் வேலையைக் காப்பாற்றினால் உன் புத்தியை விற்றுவிட்டேன் என்கிறாய். உன் புத்தி அவ்வளவு உசத்தி என்றால் சுவர் ஏன் விழுந்தது?

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இங்கேயும் ஒரு கூத்து. போன வாரம் பல் வைத்தியரைப் பார்க்க அரை நாள் லீவு போட்டேன். திரும்பி வரும்போது பஸ் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. வார்டுக்குள் நுழைந்தால், புதிதாகச் சேர்ந்த பெண் கையில் போனோடு அழுதுகொண்டு நிற்கிறாள். ஜன்னலோரக் கட்டில்காரருக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலம். டாக்டர் இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறார். ஓடிப் போய்க் கூப்பிட வேண்டியதுதானே? என்னையே போனில் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"நீங்க சொல்லாம எப்படி சிஸ்டர்?" என்கிறாள்.

மனுஷன் பிழைத்துக்கொண்டார். நூலிழை. அவளை அறையாமல் விட்டது என் பெருந்தன்மை. கண் இருக்கிறது, கால் இருக்கிறது, படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள், ஆனால் நான் சொன்னால்தான் மூச்சு விடுவாளாம்! இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நீயும் போ. உன் இஷ்டப்படி செய். வேலை போனால் என் வாசலில் வந்து நிற்காதே.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

உன் வாசலுக்கு வரவில்லை. ஆனால் பதில் போடுவதாகச் சொன்ன வாக்கு இருக்கிறது.

விசாரணை நடந்தது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். "தெரிஞ்சுதான் திறந்தேன். கைதவறலை. எனக்கு உடம்புக்கும் மனசுக்கும் ஒண்ணும் இல்லை" என்றேன். இன்ஜினியர் நிமிர்ந்து, "அப்போ உங்க அக்கா சொன்னது பொய்யா?" என்று கேட்டார்.

உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த மேஜை முன்னால் எழவில்லை. "அக்கா பயத்துல சொல்லியிருப்பாங்க" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி ஒத்திவைத்துவிட்டார்கள். புத்தி கெட்டிருக்கிறது என்று சொல்ல ஒரு போன் போதும். சரியாக இருக்கிறது என்று சொல்லத்தான் சான்றிதழ் வேண்டும். உனக்கு நன்றி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது உன்னைச் சமாதானப்படுத்த இல்லை.

சுவர் விழுந்ததிலிருந்து நான் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கல் சுமக்கிறேன், கலவை போடுகிறேன். முதல் வாரம் அந்த அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாள் வெடித்துவிட்டார்.

"உன்னை யாருப்பா திறக்கச் சொன்னது?"

"உங்க கஷ்டத்தைப் பார்த்துத்தான்மா…"

"பார்த்தியே, ஒரு வார்த்தை கேட்டியா? என் வாசல்ல தரை எப்பவும் ஈரமாவே இருக்கும். குழாய் கசியுதுன்னு இந்தத் தெருவுல பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 'திறக்கட்டுமா'ன்னு கேட்டிருந்தா, 'முதல்ல இதைப் பாருப்பா'ன்னு சொல்லியிருப்போம். எங்களுக்கு நல்லது பண்றவங்க யாருமே எங்ககிட்ட கேக்கறதில்லை."

நான் கையில் கல்லோடு நின்றேன். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். நான் உனக்கு எழுதிய கடிதமெல்லாம் அந்தக் குரல்தான். நீ எனக்குச் செய்வதை நான் அந்தத் தெருவுக்குச் செய்திருக்கிறேன். உன் தம்பி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் இந்தமுறை கேட்டேன். வீடு வீடாகப் போய், எங்கே ஈரம், எந்த வருஷத்திலிருந்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். யோசனை என்னுடையது இல்லை, தையல்காரம்மாவுடையது: "குழாய் நல்லா இருக்குன்னு சொல்றாங்கல்ல? தோண்டி வெளியே எடுத்து வச்சிடுவோம். வந்து பார்த்துட்டுச் சொல்லட்டும்." அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, தெருவே தோண்டுகிறது. எனக்குக் கொடுத்த வேலை அந்த அம்மா வீட்டு முன்னால் உள்ள பள்ளம். கொஞ்சம் கோணலாகப் போனாலும் அந்த அம்மா ஜன்னலிலிருந்து அதட்டுகிறார்.

கடைசியாக, உன் வார்டில் அழுதுகொண்டு நின்ற பெண். அவளை அறைய வேண்டாம். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நீ சொன்னால்தான் நகரும் மரக்கட்டையாக நானும் உன் வீட்டில், உன் தட்டில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை.

நேற்று உங்கள் ஊருக்கு வந்தேன். உன் இன்ஜினியரைப் பார்க்க. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். உள்ளே போனதும் அவர் அதே தணிந்த குரலில், "தம்பிக்கு இப்போ எப்படி இருக்கு?" என்றார்.

"அவனுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கு, சார். நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க ஒரு ஹெட் நர்ஸ். நோயில்லாதவனுக்கு நோய் இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு நான் எழுத வேண்டியிருக்கும், தெரியுமா?" என்றார்.

"எழுதுங்க சார். ஆனா குழாயைப் பத்தியும் அதே பேப்பர்ல எழுதுங்க" என்றேன். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சான்றிதழ் தேவையில்லை. எழுதினார் என்றால் என் பதவி போகலாம். போனால் போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. போகாமல் இருக்க வேண்டும் என்று பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம், "இனிமே மூச்சுத் திணறினா என்னைக் கேக்காதே, டாக்டரைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன். இப்போது எதற்கெடுத்தாலும் டாக்டரைக் கூப்பிடுகிறாள். நேற்று முன்தினம் ஒருவர் விக்கினதற்குக் கூப்பிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இன்ஜினியர் அறைக்குப் போனதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கோபப்பட்டுக்கொள். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் சண்டை போட்டிருப்பேன், பஸ் போயிருக்கும். ஒரே நாளில் திருந்த என்னால் முடியாது.

திரும்பும் வழியில் மேட்டுத் தெருப் பக்கம் நடந்தேன். கீழே நின்று பார்த்தேன். இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய். ஜன்னலிலிருந்து ஒரு அம்மா அதட்டினார், நீ ஏதோ சொன்னாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். உன்னைக் கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால், "கடப்பாரையை அப்படியா பிடிப்பாங்க?" என்றுதான் முதல் வார்த்தை வந்திருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. பம்ப் ஹவுஸ் வேலை போய்விட்டது. ஒரு படி கீழே இறக்கிக் குழாய் பதிக்கும் ஆட்களோடு போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறையும். நானே போய்க் கேட்டிருந்தால்கூட இந்த இடத்தைத்தான் கேட்டிருப்பேன், ஆனால் அதை அவர்களிடம் சொல்லவில்லை. தண்டனை கொடுத்த திருப்தி அவர்களுக்கு இருக்கட்டும்.

தெரு தோண்டி எடுத்து வைத்த குழாயை இன்ஜினியர் வந்து பார்த்தார். கையால் தொட்டார். ஒரு துண்டு அப்பளம் மாதிரி உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது. மேட்டுத் தெருவுக்குப் புதுக் குழாய் போட உத்தரவாகியிருக்கிறது. முழுத் தெருவுக்கும் இல்லை, பாதித் தெருவுக்கு. மீதிப் பாதிக்குத் தையல்காரம்மா தினமும் அலுவலகம் போய் உட்கார்ந்துகொள்கிறார், தைக்க வேண்டிய துணியையும் எடுத்துக்கொண்டு. வரவேற்பறையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாராம்.

நீ இன்ஜினியர் முன்னால் நின்றதைப் படித்தேன். என்னைக் கேட்காமல் செய்தாய். அதற்குக் கோபம் வரவில்லை, எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதினாரா, இல்லையா? எழுதியிருந்தால் மறைக்காமல் சொல். நீ எனக்காக வந்து நின்ற மாதிரி உனக்காக நான் வந்து நிற்கிறேன். வரட்டுமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

ஆனால் ஒன்றை மன்னிக்கவே மாட்டேன். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, என் தெருவின் அடியில் நின்று, என்னைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாய். என்ன ஜென்மம் நீ? கடப்பாரையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

தம்பி